படத்துக்குப் போட்ட மாலை

ஃபேனை நிறுத்திவிட்டேன். ஓடவிட்டால் பேப்பர் சீக்கிரம் காய்ந்துவிடும், எதிரே தொங்குகிற பூமாலையிலிருந்து இதழ் வேறு உதிரும். உறையூர் வெயிலில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற பைத்தியம் இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தண்ணீர் பூசிய பேப்பர் மடியில், பலகைமேல், பளபளவென்று கிடக்கிறது. பொறுக்கணும். பெனசீர் டீச்சர் வியாழக்கிழமை வாட்டர் கலர் வகுப்பில் தலைபாடாக அடித்துக்கொள்வது இதைத்தான். "பளபளப்பு அடங்கற நேரம் பாத்து கலரை விடுங்க ஆன்ட்டி. முந்திட்டா ஓடிடும், பிந்திட்டா திட்டுத் திட்டா நின்னுடும்." எனக்கு ஒன்று முந்தத் தெரியும், இல்லாவிட்டால் பிந்தத் தெரியும். நேரம் பார்க்க எந்த ஜென்மத்தில் தெரிந்தது. எதிரே சுவரில் மாமனார். கறுப்புக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி, போட்டோகிராபர் கெஞ்சியும் சிரிக்காத வாய். அவர் கழுத்தில் என் மகள் ரஞ்சியின் கல்யாண மாலை. போய்ச் சேர்ந்தவர் படத்துக்கு, வாழப்போகிற பெண்ணின் மாலை. நாலு மணிக்கு ரஞ்சி வருகிறாள், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அந்தப் பையன் ஜெரோமோடு. வாசலில் செருப்பைக் கழற்றி நிமிர்ந்தால் நேரே கண் படுகிற இடம் இந்தப் படம்தான். அவளுடைய மாலை அவளுக்குத் தெரியாதா? அம்மா, என் மாலையை எங்கே போட்டிருக்கீங்க என்று கேட்டால் என்ன சொல்வேன்? கேட்கவே மாட்டாள், அதுதான் பயம். உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள். அவள் அப்பாவின் பிடிவாதம் அப்படியே அவளுக்கு. கழற்றிவிடலாம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அமாவாசைப் படையல் முடிந்த கையோடு அப்பா படத்து மாலையைக் கழற்றினால் இவர் வீட்டை ரெண்டாக்கிவிடுவார். அதனால் ஸ்டூல் படத்துக்குக் கீழே நிற்கிறது, நான் வாட்டர் கலர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

இவர்மேல் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருகிறேன், இவர் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறார், புகைக்குள் படம், படத்தில் மாலை. ஒரு நிமிஷம் எனக்கு என்ன பார்க்கிறேன் என்றே பிடிபடவில்லை. ரோஜாவும் சம்பங்கியும் மாறி மாறிக் கட்டி, நடுவில் ஜிகினா, கீழே குஞ்சம். படத்துக்குப் போடுகிற மாலையா அது? பார்த்தாலே தெரியாதா? இவருக்குத் தெரியாது. எதிரே இருக்கிற கடுகு டப்பாவை எங்கே எங்கே என்று வீட்டையே புரட்டுகிற மனுஷர். பூ என்றால் பூ, மாலை என்றால் மாலை. அமாவாசைக்கென்று நேற்று சாயந்தரமே ரெண்டு முழம் சம்பங்கி வாங்கி, வாழையிலையில் சுற்றி, ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். "பூ ஃப்ரிட்ஜுல இருக்குங்க" என்று குளியலறைக்குள்ளிருந்து கத்தியதும் நான்தான். என் வாயை என்ன சொல்ல. ரஞ்சியின் மாலையைக் காய்கறித் தட்டில், கீரைக்கட்டுக்கு அடியில், ஒரு வாரமாக ஒளித்து வைத்திருந்தேன். ரெஜிஸ்தர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட என் தம்பி அருணகிரி அதை ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, படியிலேயே நின்று என் கையில் திணித்துவிட்டு, "அக்கா, ரஞ்சி ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னா. அழல, தைரியமாத்தான் இருந்தா" என்றான். அழவில்லை என்று அவன் சொன்னதில்தான் எனக்குத் தெரிந்தது, அழுதிருக்கிறாள். போகாமல் இருந்தது நான். இவர் போகக் கூடாது என்றார், நான் போகவில்லை. தட்டிக் கேட்கவுமில்லை, தட்டி விட்டுப் போகவுமில்லை. மாலை மட்டும் வந்தது. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் கீரையை நகர்த்தி ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன், சில்லென்று இருக்கும். புதன்கிழமையோ என்னவோ, இவர் ஃப்ரிட்ஜ் தண்ணீரைக் குடித்துவிட்டு, "என்ன தையலு, தண்ணியில ஏதோ வாசம் வருது" என்றார். பாட்டில் கழுவின சோப்பு என்று சொல்லிவிட்டேன். தையல்நாயகி என்று பெயர் வைத்தார்கள், இவர் வாயில் அது தையலு, ஊருக்கு ப்ளவுஸ் தைக்கிற அக்கா.

பளபளப்பு ஓரத்தில் அடங்கியிருக்கிறது, நடுவில் இன்னும் இல்லை. ரோஜாவுக்கு என்ன நிறம் எடுப்பது? வந்த அன்றைக்கு ரத்தச் சிவப்பு. இப்போது ஓரமெல்லாம் டீத்தூள் நிறம், உள்ளே ஒரு பழைய ரோஸ், ரஞ்சி ஸ்கூலில் கட்டின ரிப்பன் வெளுத்தபிறகு இருந்த ரோஸ். சிவப்பைத் தொட்டேன், காவியைத் தொட்டேன், ரெண்டையும் குழைத்துப் பேப்பரில் வைத்தேன். ஓடுகிறது. முந்திவிட்டேன். ஓடட்டும். "ஒங்க கை ரொம்ப டைட்டா இருக்கு ஆன்ட்டி, லூசா விடுங்க" என்பாள் டீச்சர். இருபத்தைந்து வருஷமாக லூசு என்று யாராவது ப்ளவுஸைக் கொண்டுவந்தால் பிரித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவள் நான். அரை இஞ்ச் தளர்ந்தால் எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்ததே ரஞ்சிதான், முதல் சம்பளத்தில். எனக்கு எதுக்குடி இது என்றேன். "அளவு எடுக்காம ஒரு வேல செஞ்சு பாரும்மா" என்றாள். அப்போதே அவளுக்கு ஜெரோமைத் தெரிந்திருக்கணும். அளவெடுக்காத வேலையை அவள் அப்போதே செய்யத் தொடங்கியிருக்கிறாள், எனக்குத்தான் புத்தியில் ஏறவில்லை. இரண்டாவது பூ. மூன்றாவது பூ முதல் பூவோடு ஒட்டிக்கொண்டு எது எதென்று தெரியாமல் போய்விட்டது. எதிரே இருக்கிற மாலையிலும் அப்படித்தான், வாடிய பூக்களுக்கு நடுவில் கோடு கிடையாது, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. வாடின பூவை வீட்டில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பார்கள். வாடினால் செடியடியில் போடு, தண்ணீரில் விடு, கண்ணில் படாமல் செய். நான் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏதாவது ஆகிவிடுமோ? அந்தக் குழந்தைகளுக்கு ஏதாவது ஒன்று ஆனால் இந்த மாலைதான் என் கண்முன் வரும், ஆயுசுக்கும் வரும். பைக்கில் வருகிறார்களோ, ஆட்டோவில் வருகிறார்களோ. பாலத்தில் லாரி எப்படிப் போகிறது. ச்சீ, என்ன நினைப்பு, வாயைக் கழுவு, மனசைக் கழுவு. பிரஷ்ஷைக் கழுவினேன். கிண்ணத்துத் தண்ணீர் சிவந்துவிட்டது, அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தேன்.

அந்த 'ம்'. நேற்று ராத்திரி தோசைக்குச் சட்னி போட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், "நாளைக்கி நாலு மணிக்கி ரஞ்சி வர்றாளாம்." ரெண்டு பேரும் என்று சொல்ல வரவில்லை. இவர் "ம்" என்றார். அடுத்த தோசையைப் பிட்டார். எந்த ம்? வரட்டும் என்கிற ம்மா, கேட்டுக்கொண்டேன் என்கிற ம்மா, வந்து பார்க்கட்டும் அப்புறம் இருக்கிறது என்கிற ம்மா? முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் ஒரு ம்முக்கு அர்த்தம் தெரியாமல் ராத்திரி முழுக்கப் புரண்டேன். இன்றைக்குச் சாப்பிட்டதும் சட்டையை மாட்டினார், "செத்த வெளிய போயிட்டு வரேன்" என்றார். எங்கே என்று கேட்கவில்லை, கேட்டால் நாலு மணிக்கு இருக்கமாட்டேன் என்று பதில் வந்துவிட்டால்? கேட்காதவரைக்கும் வரவும் செய்யலாம். போன ஜனவரியில் ஜெரோம் அவன் அம்மாவோடு பெண் கேட்டு வந்தபோதும் இந்த மனுஷர் வாய் திறக்கவில்லை. எங்கள் மாடிப்படியில் மூணாவது படி ஓரம் உடைந்து கிடக்கிறது, வீட்டு ஓனர் கட்டித் தருகிறேன் கட்டித் தருகிறேன் என்றே காலத்தை ஓட்டுகிறார். கேஸ் சிலிண்டர் போடுகிறவன் வந்தாலும், தபால் வந்தாலும், சந்தா கேட்டுக் கட்சிக்காரன் வந்தாலும், இவர் மேலே நின்று "மூணாவது படி, பாத்து" என்று குரல் கொடுத்துவிடுவார். பழக்கம். அன்றைக்கு மேலேதான் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பையன் பழத்தட்டை ஏந்திக்கொண்டு ஏறுகிறான், இவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார், சொல்லவில்லை. முட்டி இடித்து ஆப்பிள் ரெண்டு உருண்டு தெருவுக்குப் போய்விட்டது. அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் போனபிறகு இவர் இந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "எங்கப்பா இருந்திருந்தா இந்தப் பேச்சு வீட்டுக்குள்ள வந்திருக்குமா?" என்றார். அன்றிலிருந்து அதே பாட்டுத்தான், எங்கப்பா இருந்திருந்தா, எங்கப்பா இருந்திருந்தா. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர், கோயில் விபூதி இல்லாமல் வாசல்படி தாண்டாதவர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன் பேத்தி மாப்பிள்ளையாக இந்த ஹாலுக்குள் வந்து நிற்பதைப் பொறுப்பாரா என்று கேள்வி. செத்தவரைக் கேட்கிறாரே தவிர, உயிரோடு இருக்கிற என்னை ஒரு தடவை கேட்டாரா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு.

தாகமாக இருக்கிறது. ஃப்ரிட்ஜைத் திறந்து முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன், வெயிலுக்குச் சுகமாக இருந்தது. காய்கறித் தட்டை இழுத்தேன், பழக்கத்தில் தொட்டுப் பார்க்கப் போன கை. மேலேயே என் ரெண்டு முழம் சம்பங்கி, சுற்றின வாழையிலை பிரியாமல், நான் வைத்தபடியே இருக்கிறது. இதை எடுக்கத் தெரியவில்லை பாரேன், கண்ணெதிரே இருக்கிறதை விட்டுவிட்டு, அடியில் கையை விட்டுக் கீரையைத் தூக்கி, என்று மனசு திட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றது. கீரைக்கட்டும் கலையவில்லை. ஓரமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கடுகு டப்பா தெரியாத கண்ணுக்குக் கீரைக்கு அடியில் இருந்த மாலை எப்படித் தெரிந்தது? தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜை மூடாமல் நின்றேன். தெரிந்தே போட்டாரா? அடப்பாவி மனுஷா. தெரிந்தே என்றால் அது வேறு. கோபத்தில் போட்டிருக்கிறார். எனக்கு அவள் செத்தாள் என்று சொல்கிற மாதிரி, அவளும் பார்க்கட்டும் என்று. தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தேன். பேப்பரைப் பார்த்தால், நான் விட்டுவிட்டுப் போன நேரத்தில் சிவப்பும் காவியும் தன்பாட்டுக்கு ஓடி, ஒன்றை ஒன்று பிடித்து, பூ மாதிரியே ஆகியிருக்கிறது. நான் கிட்டே இல்லாதபோதுதான் நன்றாக வருகிறது. பலகையைத் தரையில் வைத்தேன். போதும், இந்தப் பொறுத்துப் பார்க்கிற வேலை. வீடு ரெண்டானால் ஆகட்டும். அவர் வந்து குதித்தால் குதிக்கட்டும். என் பெண் வந்து அதைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்டூல்மேல் ஏறினேன். முழங்கால் கடக்கென்றது. கிட்டே போனதும் சாம்பிராணியும் அழுகத் தொடங்கின ரோஜாவும் கலந்து ஒரு வாசம், கல்யாண வீட்டு மறுநாள் வாசம். மாலையைத் தூக்கக் கையைப் படத்துக்குப் பின்னால் விட்டேன். வரவில்லை. கட்டியிருக்கிறது.

படத்தைச் சுவரிலிருந்து விலக்கிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குக் கட்டின மாலை, படமோ ரெண்டு சாண். மிச்சம் எங்கே போயிற்று என்று காலையிலிருந்து எனக்குத் தோன்றவே இல்லை. பின்னால் இருக்கிறது. வெட்டவில்லை. ஒரு பூ நசுங்காமல் மடித்து மடித்து மேலே கொண்டுபோய், சணல் கயிற்றால் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறது. மேலே ஒரு சுருக்கு, கீழே ஒரு சுருக்கு, இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. பார்சல் ஆபீஸ் வேலையில் கண்ணாடிச் சாமான் கட்டிக் கட்டிப் பழகின இவர் கை. எனக்குத் தெரியும் அந்தக் கையை, என் தையல் மெஷினை வீடு மாற்றும்போது இப்படித்தான் கட்டினார், ஒரு கீறல் விழவில்லை. கோபத்தில் போடுகிறவன் இவ்வளவு நேரம் நின்று கட்டுவானா? நான் குளிக்கிற நேரத்துக்குள் கட்டியிருக்க முடியாது இது. விடியற்காலையில், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, விளக்குப் போடாமல் மடித்துக் கட்டி வைத்து, நான் குளிக்கப் போனதும் மாட்டியிருக்கிறார். நானும் தூங்கவில்லை, புரண்டுகொண்டுதான் இருந்தேன், பக்கத்துப் படுக்கை காலி என்றுகூடக் கவனிக்கவில்லை. உதிர்ந்த இதழையெல்லாம் பொறுக்கிச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் செருகி வைத்திருக்கிறார். என்ன அர்த்தம் இதற்கு, என்ன அர்த்தம் என்று முடிச்சைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன், பின்னால் கதவு திறந்தது. செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை எனக்கு.

"அத ஏன் தொடுற?" என்றார்.

ஸ்டூலிலிருந்தே திரும்பினேன். கையில் ஜவுளிக்கடைப் பை, இன்னொரு கையில் வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை, பூ. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முப்பது வருஷத்தில் இவரிடம் இவ்வளவு உயரத்திலிருந்து நான் பேசினதில்லை. "இது ரஞ்சியோட கல்யாண மாலைங்க" என்றேன்.

"தெரியும்" என்றார். "வீடு பூரா ஒரு வாரமா ரோஜா வாசம். தண்ணியில கூட. சோப்பாம்."

"தெரிஞ்சுக்கிட்டா அப்பா படத்துக்குப் போட்டீங்க? புள்ள வந்து பாத்தா என்ன நெனப்பா? வாழப்போற புள்ளைங்க."

இவர் வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்தார். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "அப்பாகிட்ட வாயால சொல்லிப் பாத்தேன், தையலு. ராத்திரி முழுக்க. வரல. பேத்தி கல்யாணம் முடிஞ்சிடுச்சுப்பான்னு எப்பிடிச் சொல்றது? அதான் மாலையக் கொண்டாந்து போட்டுட்டேன். அவருக்குப் புரியும்." என் பக்கம் திரும்பி, "தப்பா?" என்றார்.

தப்பா சரியா என்று என்னை இவர் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். தப்புத்தான், இப்படி யாரும் செய்யமாட்டார்கள், கேட்டால் ஊரே வாயில் அடித்துக்கொள்ளும். முடிச்சிலிருந்து கையை எடுத்தேன். "இருக்கட்டும்" என்றேன். "அவளுக்கு நான் சொல்லிக்கறேன்."

"எறங்கு, விழுந்துடப் போற." கையைக் கொடுத்தார். இறங்கினேன். தரையில் கிடந்த பேப்பரை எட்டிப் பார்த்தார். "என்ன இது, எல்லாம் வழிஞ்சு கெடக்கு? மாலையா? அப்பாவ விட்டுட்டியே." வரைகிறேன் என்றேன். இனிமேல் அவரையும் ஓடவிட வேண்டியதுதான். பையைப் பிரித்தேன். ஜரிகை வேட்டி, வெள்ளைச் சட்டை. "அந்தத் தம்பிக்கு அளவு தெரியல. ஒல்லியா இருந்தாப்ல ஞாபகம். லூசா இருந்தா நீ புடிச்சுக் குடுத்துடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஃபேனைப் போட்டேன். பேப்பர் காய்ந்தால் காயட்டும்.

கீழே ஆட்டோ வந்து நின்றது. ரஞ்சி குரல், மீட்டர் இல்லாமல் எவ்வளவு கேட்கிறீங்க என்று சண்டை. நான் முகத்தைத் துடைக்க முந்தானையைத் தேடுவதற்குள் இவர் செருப்பில்லாமல் வாசலுக்குப் போய்விட்டார். வெயிலில் மாடிப்படி தோசைக்கல்லாகக் காயும், கால் பொறுக்காமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றார். ஏறுகிற காலடி கேட்டது, ஒன்று, இரண்டு.

"மூணாவது படி ஒடஞ்சிருக்கு" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பாத்து வாங்க மாப்ள" என்றார்.